விறகுப் பாதையில் நான்கு நாள்

முதலாம் நாள், வெள்ளி

நேற்றிரவு கொழும்பு கோட்டையில் மெயில் ரயில் ஏறி, இன்று விடியத் திருகோணமலையில் இறங்கினோம். கல்ஓயாச் சந்தியில் ரயில் தரித்து நின்ற நேரம் நான் இறங்கிப்போய், பார்சல் பெட்டிக்குள் சைக்கிள் இரண்டும் சரியாமல் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தேன். மச்சான் நல்ல நித்திரை. விமானத்தில் வந்த களைப்பு இன்னும் அவனுக்குத் தீரவில்லை.

மச்சான் என் மாமாவின் மகன். இரண்டு பேரும் 1981இல் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் பிறந்தவர்கள். 1990இல் அவர்கள் குடும்பம் ஊரை விட்டுப் போனது. நாடு நாடாக மாறி இப்போது நியூசிலாந்தில், வெலிங்டனில் இருக்கிறான். அங்கே மக்காரா பீக் என்று 412 மீற்றர் உயரக் குன்று ஒன்று. பழைய மேய்ச்சல் நிலம். 1998இல் அதை மலைச்சைக்கிள் ஓடும் இடமாக்கி, ஊர்த் தொண்டர்களே பாதை வெட்டி, வெட்டிய பாதையோரம் அந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளையும் நட்டு வந்தார்கள். சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு அங்கே போகிறவர்களில் மச்சானும் ஒருவன். "எங்கட ஊரிலயும் மலை இருக்கு, காடு இருக்கு, ஒருநாள் போவம்" என்று எத்தனையோ வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த மலைக்கு எனக்கு வேறொரு கணக்கு உண்டு. என் அப்பா கன்னியாப் பக்கத்துக் குன்றுகளில் விறகு பொறுக்கி, பார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ரவுணில் பேக்கரிகளுக்குப் போட்டவர். எனக்கு நாலு வயதானபோது அந்த ஓட்டம் நின்றுபோனது. பிறகு எங்கள் தலைமுறைக்குக் காடு என்றாலே பயம்தான். மிதிவெடி இருக்கும், போகாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அப்பா இறக்கும்வரை அந்தப் பாதையைப் பற்றிப் பேசுவார். எந்த வளைவில் இறங்கித் தள்ளவேணும், எந்தப் பாறையில் கட்டு சரியும் என்பதெல்லாம் காதால் கேட்டே எனக்குப் பாடம். கண்ணால் பார்த்ததில்லை.

வனத் திணைக்களத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். ஏற்கெனவே ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகக்கூடாது, ஒரு கொப்பும் வெட்டக்கூடாது, யானை இறங்கும் நேரத்துக்கு முன், நாலு மணிக்குள் வெளியே வந்துவிடவேணும். மூன்றும் நியாயமான கட்டளைகள். பாதை தேய்ந்த இடங்களில் கைவேலை செய்து திருத்தலாம் என்றும் சொன்னார்கள். மச்சானின் முகம் மலர்ந்தது அதைக் கேட்டுத்தான்.

பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல வழியை மறித்து நின்றன. இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பார்த்தால் கீழே கடல் கரும்பச்சை. கச்சான் காற்று சட்டையைப் பறித்துக்கொண்டு போகிறமாதிரி அடித்தது. ஆடி மாதத்துக் காற்று. மழை கண்டு எத்தனை வாரம் என்று தெருப்புழுதியே சொல்லும்.

இரண்டாம் நாள், சனி

விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டோம். கூடவே உள்ளூர்த் தம்பி ஒருவர். சைக்கிள் திருத்துகிறவர், காட்டுப் பாதை எல்லாம் தெரிந்தவர். அவருடைய சைக்கிளில் முன் ஃபோர்க் மட்டும்தான் அமுங்கும். மச்சானுடையதில் முன்னும் பின்னும் அமுங்கும், ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக், ஓடும்போதே சீற்றை ஏற்றி இறக்க ஹாண்டிலில் ஒரு விசை. என்னுடையது இரண்டுக்கும் நடுவில்.

அனுராதபுர வீதியால் கன்னியாவரை தார் ரோட்டு. அதற்குப் பிறகு கிறவல். பிறகு வெறும் மண். அதற்கும் பிறகு மாடு போன தடம்.

மலைச்சைக்கிள்காரர் ஒரு பாதையை 'டெக்னிக்கல்' என்றால் அது வேகத்தைப் பற்றிய பேச்சல்ல. ஒவ்வொரு சில்லுச் சுற்றுக்கும் ஒரு முடிவு எடுக்கவேண்டிய பாதை என்று அர்த்தம். வேர் குறுக்கே கிடக்கும், அதற்கு ஒரு முழத்துக்கு அப்பால் கல், கல்லைத் தாண்டினால் ஊசிமுனை வளைவு, வளைவுக்குள் உதிரிக் கிறவல். எழும்பி நிற்கிறதா, இருக்கிறதா, முன்சில்லைத் தூக்குகிறதா, உருள விடுகிறதா என்று உடம்பு யோசித்துக்கொண்டே இருக்கவேணும். ஏறும்போது இன்னும் சிரமம். முன்னுக்குச் சாய்ந்தால் பின்சில்லு பிடி விட்டுச் சுழலும், பின்னுக்கு இருந்தால் முன்சில்லு கிளம்பும். சீற்றின் மூக்கில் இருந்துகொண்டு, நெஞ்சைப் பாருக்குக் கிட்டக் கொண்டுவந்து, சீராக மிதிக்கவேணும். முதல் அரை மணியில் நான் பதினொரு தரம் கால் ஊன்றினேன். மச்சான் மூன்று தரம்.

காடு எனக்குப் புதிதாகவும் தெரிந்ததாகவும் இருந்தது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. அப்பா சொன்ன பெயர்கள் எல்லாம் மரமாக நின்றன. பாலை பழுக்கிற காலம் இது. நிலமெல்லாம் மஞ்சள் பழம். வாயில் போட்டால் தேனாக இனித்து, பிறகு பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் இந்தப் பழம் உயிர் என்பதால் தம்பி அடிக்கடி பெல் அடித்துக்கொண்டே போனார். பாலை வைரம் பாய்ந்த மரம். ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டையாக இதைத்தான் போட்டார்கள். அதன் வேர் பாதைக்குக் குறுக்கே கிடந்தால் வழுவழுவென்று எலும்பு மாதிரி இருக்கும். அதைச் சரிவாகக் கடந்தால் சில்லு வழுக்கும். நேர்குத்தாகத்தான் கடக்கவேணும்.

ஒன்பது மணிக்கு என் பின்சில்லில் காற்றுப் போகும் சத்தம். சூரை முள். கொக்கி மாதிரி வளைந்த முள் டயருக்குள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. என் டயருக்குள் டியூப் இல்லை, ஓட்டையை அடைக்கும் பால்தான் ஊற்றியிருக்கிறேன். முள்ளைப் பிடுங்கிச் சில்லைச் சுழற்றியபோது வெள்ளைப் பால் பீச்சி, இரண்டு சுற்றில் உறைந்து நின்றது. பாலைமரத்தைக் கீறினால் அதுவும் இப்படித்தான் தன் காயத்தை மூடும் என்று தம்பி சொன்னார். அந்த இடத்திலேயே மரத்தில் ஒரு பழைய வடுவையும் காட்டினார்.

குன்றின் இடுப்பில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே செங்குத்தாகக் கீழே விழுகிறது. மற்றது மாடு நடந்த பாதை, சரிவை ஒட்டி, வளைந்து வளைந்து இறங்குகிறது. செங்குத்துப் பாதை இப்போது பாதையே அல்ல, மழைத்தண்ணி ஓடும் கான். முழங்கால் ஆழத்துக்கு அரித்து, வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. மாட்டுப் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

மச்சான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். பாதை கட்டுகிறவர்களிடம் 'அரைவாசி விதி' என்று ஒன்று உண்டாம். மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதில் போகும் பாதையின் இறக்கம் அதில் அரைவாசியைத் தாண்டக்கூடாது. சரிவு நூற்றுக்கு 20 என்றால் பாதை நூற்றுக்கு 10க்குள். அப்படி இருந்தால் மழைத்தண்ணி பாதையைக் குறுக்கே கடந்து காட்டுக்குள் இறங்கிவிடும். தாண்டினால் தண்ணிக்குப் பாதைதான் வழி, மண்ணையும் அள்ளிக்கொண்டு பாதையாலேயே ஓடும். "இதை எங்களுக்கு அங்க வகுப்பு வச்சுச் சொல்லித் தந்தவங்கள் மச்சான். இங்க மாட்டுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டான். ஏறும் மாடு மூச்சு வாங்காத சரிவைத் தேடும். அதுதான் தண்ணிக்கும் பொருந்துகிறது.

அங்கே இருக்கும்போதுதான் மேலேயிருந்து ஒரு கிரீச் சத்தம். பார் சைக்கிள் ஒன்று, அதன் கரியலிலும் பாரிலும் ஆள் உயரத்துக்கு விறகு. பக்கத்தில் ஒரு ஐயா, எழுபது வயதிருக்கும், வெறும் காலோடு சைக்கிளைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி ஆற்ர மகன்?" என்றார்.

சொன்னேன். ஐயா அப்பாவைத் தெரிந்தவர். இன்று இதற்கு மேல் எழுத எனக்கு முடியவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

அப்பா அடிக்கடி சொல்லும் பாறை இது. ஐயா காட்டித்தான் கண்டேன். விறகுக்காரர் இதைக் 'கவிட்டுப் பாறை' என்பார்களாம். பன்னிரண்டு மீற்றர் நீளம் இருக்கும் ஒற்றைக் கல். ஆமை முதுகு மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. மேல் பாதி உருளலாம்போல இருக்கும். நடுவில் முதுகு மடிந்து சட்டென்று இறங்கும். அடியில் இரண்டு வீரை மரங்களுக்கு நடுவில் ஹாண்டில் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. அதைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பியாகவேணும். திரும்பாவிட்டால் பழைய கானுக்குள்.

முதலில் நடந்து பார்த்தோம். மச்சான் ஒரு பாறையைச் சைக்கிளில் இறங்க முன் மூன்று தரம் நடப்பான். கீழேயிருந்து மேலே பார்க்கவேணும் என்பான், வெளியேறும் வழியை முதலில் கண்டால்தான் நுழையும் வழி தெரியும். பாறையில் ஒரு கோடு மட்டும் வெளிறிக் கிடந்தது, அரை அடி அகலம். பாசி இல்லை, கிறவல் இல்லை. மச்சான் தன் கண்ணால் தேர்ந்தெடுத்த வழியும் அதுவேதான்.

"அது நாங்க சில்லு வச்ச இடம்" என்றார் ஐயா.

மச்சான் இறங்கியதை நான் அடியில் நின்று பார்த்தேன். சீற் முழுக்கக் கீழே. பெடல் இரண்டும் ஒரே மட்டம். இடுப்பு பின்னுக்கு, நெஞ்சு தாழ. இரண்டு பிறேக்கிலும் ஒவ்வொரு விரல். கண் பாறையில் இல்லை, வீரை மரங்களுக்கு அப்பால் இருந்தது. கண் போகிற இடத்துக்குத்தான் சில்லும் போகும். மடிப்பில் முன்சில்லு இறங்கியபோது கையை நீட்டிக் கொடுத்தான், சைக்கிள் அவனுக்குக் கீழே தானாகக் குனிந்து நிமிர்ந்தது. நாலு விநாடி இருக்காது. மரங்களுக்கு நடுவால் நூல் கோத்த மாதிரி போய் இடப்பக்கம் திரும்பினான்.

அடுத்தது நான். மேல் பாதி சரி. மடிப்பைக் கண்டதும் கண் கீழே விழுந்தது. கை பின்பிறேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டது. சில்லு சுழலாமல் சறுக்கத் தொடங்கியதும் பின்பக்கம் வலப்புறமாக ஒதுங்கியது, பாறையைத் தாண்டி மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்து, முதல் வீரையில் தோள் அடித்து விழுந்தேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல், தோளில் கன்றல், வேறு ஒன்றுமில்லை.

ஐயா ஓடிவந்து என்னைத் தூக்கினார். தண்ணி குடிக்கவைத்தார். பிறகு போய், நான் இழுத்த கோட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார். இரண்டு விரற்கடை ஆழம். மேல் மண்ணும் சருகும் போய், அடியில் சிவப்பு மண் தெரிந்தது.

"மாரி தொடங்கினால் தண்ணி இதைத்தான் முதல்ல பிடிக்கும் தம்பி. இந்தக் கானும் இப்பிடி ஒரு கோட்டிலதான் தொடங்கினது."

பிறகு தன் சைக்கிளைக் கிட்ட வரச்சொல்லிக் காட்டினார். பின்சில்லுக்கு மேலே, மட்காட் இருக்கவேண்டிய இடத்தில், பழைய டயர்த் துண்டு ஒன்று. ஒரு சாண் நீளம். ஒரு முனை ஃபிரேமில் கம்பியால் இறுக்கியிருக்கிறது, மற்ற முனையிலிருந்து ஒரு கயிறு ஹாண்டிலுக்கு வருகிறது. கயிற்றை இழுத்தால் டயர்த் துண்டு சில்லில் அழுத்தி உராயும். துண்டின் உட்புறம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கியது. நான் கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது.

"கம்பிப் பிறேக் இந்தப் பாரத்துக்குக் காணாது. அதுக்காக இறுக்கிக் கட்டினாலும் பிழை. சில்லு நிண்டால் கட்டு உன்னைத் தள்ளிக்கொண்டு போகும். சில்லு உருளவேணும். ஓடக்கூடாது."

உங்கள் அப்பாதான் இந்தக் கயிற்றைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லவில்லை அவர். எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அப்பாவுடையதில் நீலக் கயிறு இருந்தது என்று மட்டும் சொன்னார்.

மச்சான் அந்த டயர்த் துண்டை விட்டு நகரவில்லை. அந்தச் சூடு எனக்கு இன்னொரு பிறேக்கை ஞாபகப்படுத்தியது. கலிபோர்னியாவில், மாரின் மாவட்டத்தில், 1976 ஒக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் ஒரு மலைப் பாதையில் கீழ்நோக்கி ஓட்டப்போட்டி வைத்தார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக் அவர்களுடையது. இறங்கி முடிவதற்குள் சில்லின் அச்சிலிருந்த கிறீஸ் எரிந்து புகையாகப் போகும், ஒவ்வொரு தரமும் புதுக் கிறீஸ் அடைக்கவேணும். அதனால் அந்தப் போட்டிக்கே 'ரீபேக்', திரும்ப அடைத்தல், என்று பெயர். மலைச்சைக்கிள் அங்கேயிருந்துதான் உலகத்துக்குப் பரவி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்கும் போனது. அந்தச் சரித்திரத்தை மதிக்கிறேன். ஆனால் அதே காலத்தில் இந்தக் குன்றில், அந்தரில் (ஓர் அந்தர் ஐம்பது கிலோ அளவு) கணக்குப் பார்க்கிற பாரத்தோடு, வெறும் காலோடு, நூற்றுக்கணக்கான தரம் இதே பாறையில் சைக்கிள் இறக்கினவர்களை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மிச்ச நேரம் வேலை. நான் இழுத்த கோட்டை நானே கல்லும் மண்ணும் போட்டு மிதித்து மூடினேன். வீரை மரங்களுக்குக் கீழே பாதை தண்ணியைத் தேக்குகிற இடத்தில், வெளிப்பக்க விளிம்பில் மேடாகச் சேர்ந்திருந்த மண்ணை வழித்து, பாதையை வெளிப்புறமாக மெல்லச் சரித்தோம், தண்ணி நிற்காமல் ஒதுங்கிப் போகட்டும் என்று. ஆறு மீற்றர் தூரம்தான். மூன்று பேர், இரண்டு மண்வெட்டி, மூன்று மணித்தியாலம். கானுக்குப் போகும் வாயில் விழுந்துகிடந்த கட்டைகளைக் குறுக்கே இழுத்துப் போட்டு மூடினோம். ஐயா பாலை நிழலில் இருந்து, எந்தக் கல் எங்கே என்று கையைக் காட்டினார். மேலே இருவாய்ச்சி இரண்டு இறக்கை இரைய இரையப் பறந்தன.

மூன்றரைக்கு வெளியே வந்துவிட்டோம். கன்னியாத் தேநீர்க் கடையில் பிளேன்டீயும் வடையும். தோள் வலிக்கிறது. நாளைக்கு இறங்குவேனா தெரியாது.

நான்காம் நாள், திங்கள்

விடிய முதல் வேலையாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழும் பக்கம் பக்கமாக, ஒன்றுமே அதிக ஆழமில்லை, ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கும் இங்கேதான் வந்தோம். அன்றைக்கு நான் குன்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று தோளில் ஒவ்வொரு வாளியாக ஊற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றைக் குறைக்கச் சொன்னான் மச்சான். முன்சில்லுக்கு 22 பிஎஸ்ஐ, பின்சில்லுக்கு 24. என் எடை 68 கிலோ, அதற்கு இது போதும். காற்றுக் குறைந்த டயர் பாறையில் பரந்து ஒட்டும். ஏறும்போது இன்று நாலு தரம்தான் கால் ஊன்றினேன். உச்சிப் பாறையில் நின்றால் மரத்தலைகளுக்கு அப்பால் உட்துறைமுகம் தகடாக மினுங்குகிறது, அதற்கு அருகே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட சீனன்குடாப் பக்கம். அதிக நேரம் நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கவிட்டுப் பாறைக்கு மேலே சைக்கிளை நிறுத்தி, மூன்று தரம் நடந்தேன். நாலாந்தரம் சைக்கிளில்.

முன்பிறேக்கில் ஒரு விரல். இறங்கும்போது பாரம் எல்லாம் முன்சில்லுக்குத்தான் போகும், அதனால் பிடிக்கும் பலமும் அங்கேதான் இருக்கிறது. பின்பிறேக் வெறும் துணை. மடிப்பு வந்தது. கண்ணை மரங்களுக்கு அப்பாலேயே வைத்திருந்தேன். வெளிறிய கோடு சில்லுக்குக் கீழே இருக்கிறதென்று பார்க்காமலே தெரிந்தது. டயர் பாறையில் உராயும் சத்தம் மட்டும், மென்மையாக, விடாமல். உருளவேணும், ஓடக்கூடாது. முன்சில்லு குனிந்தது, கை நீண்டது, வீரைப் பட்டை வலக்கை மணிக்கட்டை மெல்ல உரசியது, இடப்பக்கம் திரும்பினேன். நேற்றுச் சரித்த ஆறு மீற்றரும் சில்லுக்கு அடியில் உறுதியாக இருந்தன.

மச்சான் மேலேயிருந்து கூப்பிட்டது கேட்டது. பதில் சொல்லக் குரல் வரவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். மண்ணில் டயர்ப் பூ மட்டும் அச்சாகப் பதிந்திருந்தது. கோடு இல்லை.

பத்தரை மணிபோல ஐயா வந்தார். இன்றைக்குக் கட்டு கொஞ்சம் சின்னது. எங்களைக் கண்டு தலையை ஆட்டினார், நிற்கவில்லை. பாறை மேலே வந்ததும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். டயர்த் துண்டு சில்லில் உராய்ந்து கிரீச் என்றது. விறகின் பாரத்தைத் தன் இடுப்பில் சாய்த்து, கால் பெருவிரலைப் பாறையில் ஊன்றி ஊன்றி, அந்த வெளிறிய கோட்டிலேயே இறங்கினார். வீரை மரங்களுக்கு நடுவில் கட்டை ஒரு பக்கம் சரித்து நுழைத்தார். புதுப் பாதையில் கால் வைத்ததும் நின்றார். வெளி விளிம்பில் நாங்கள் வைத்த கல் ஒன்றைக் குதிக்காலால் நாலு விரற்கடை தள்ளி வைத்தார். மிதித்துப் பார்த்தார். அசையவில்லை.

பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கன்னியாப் பக்கம் இறங்கிப் போனார்.